ஃபார்மட் போடுமுன்: டெஸ்க்டாப் ஹேங் ஆகும் விதமும் பழுது இருக்கும் இடமும்

சிஸ்டம் ஹேங் ஆனதும் கை தானாகப் பவர் பட்டனைத் தேடிப் போகும். அதை அரை நிமிடம் தள்ளிப்போடுங்கள். உறைந்து நிற்கிற அந்த நேரத்தில்தான் பழுது எந்தப் பக்கம் என்று சிஸ்டமே காட்டிக்கொடுக்கும். பட்டனை அழுத்திவிட்டால் அடுத்த முறை ஹேங் ஆகும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

முதலில் கீபோர்டில் நம்பர் லாக்கைத் தட்டுங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் விண்டோஸுக்கு இன்னும் உயிர் இருக்கிறது, எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கிறது. விளக்கு மாறவே இல்லை என்றால் மொத்தமும் நின்றுவிட்டது. அடுத்து மவுஸ் அம்பு நகர்கிறதா என்று பாருங்கள். கேபினட் முகப்பில் இருக்கும் ஹார்ட் டிஸ்க் விளக்கு விடாமல் எரிகிறதா, அணைந்து கிடக்கிறதா என்பதையும் கவனியுங்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அது சட்டென்று நின்றதா, இல்லை ஒரே துணுக்கு 'ர்ர்ர்' என்று சுற்றிச் சுற்றி வருகிறதா என்று கேளுங்கள். இவற்றோடு நேரத்தையும், ஆன் செய்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதையும், அப்போது என்ன வேலை ஓடியது என்பதையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். நான்கைந்து தடவை எழுதினாலே ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும்.

அப்புறம் ரீஸ்டார்ட் செய்து, ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று தேடினால் நாள்வாரியாகச் சிவப்புப் புள்ளிகளோடு ஒரு பட்டியல் வரும். இன்னும் விவரம் வேண்டுமென்றால், நடந்ததையெல்லாம் விண்டோஸ் குறித்து வைக்கும் ஈவன்ட் வியூவரில் 'சிஸ்டம்' பகுதியைத் திறந்து, ஹேங் ஆன நேரத்துக்குச் சற்று முன்னால் என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். அங்கே 'கெர்னல்-பவர் 41' என்று ஒன்று கண்டிப்பாக இருக்கும். அதைக் காட்டி "எஸ்எம்பிஎஸ் போச்சு", அதாவது சிஸ்டத்துக்கு மின்சாரம் தரும் பெட்டி போச்சு என்று சொல்பவர்கள் உண்டு. நம்பாதீர்கள். போன தடவை முறைப்படி அணைக்கப்படவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. நீங்கள்தானே பட்டனை அழுத்தி அணைத்தீர்கள்!

பழுது ஹார்டுவேரிலா, விண்டோஸிலா என்று பிரிப்பதற்குச் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. பென் டிரைவில் விண்டோஸுக்கு மாற்றான உபுண்டு அல்லது மின்ட் லினக்ஸை ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அதிலும் உறைந்தால் பழுது ஹார்டுவேரில்தான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். உறையவில்லை என்றாலும் ஹார்டுவேரை விட்டுவிடக் கூடாது. பென் டிரைவிலிருந்து ஓடும்போது உங்கள் ஹார்ட் டிஸ்க்குக்கு வேலையே இல்லை, அதனால் டிஸ்க்கின் மேல் உள்ள சந்தேகம் அப்படியே நிற்கிறது.

மவுஸ் நகர்கிறது, ஆனால் எதைச் சொடுக்கினாலும் திறக்கவில்லை

நம்பர் லாக் வேலை செய்கிறது, அம்பு நகர்கிறது, ஃபோல்டரைத் திறந்தால் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, டிஸ்க் விளக்கு விடாமல் எரிகிறது. ஒரு நிமிடம் கழித்துத் தானாகச் சரியாகிவிடுகிறது. சில சமயம் ஆவதில்லை. நான் பார்த்த ஹேங் கேஸ்களில் இந்த வகைதான் அதிகம். சேமிப்பகத்தின் பக்கம் போங்கள்.

சித்தப்பா ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறார். அங்கே ஒரு சிஸ்டம் இப்படித்தான் படுத்தியது. சர்வீஸுக்கு வந்தவர் வைரஸ் என்று சொல்லி இரண்டு தடவை ஃபார்மட் போட்டார். ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் நன்றாக ஓடும், மூன்றாம் நாள் பழைய கதை. கல்யாணப் பத்திரிகை சீசனில் இது எவ்வளவு பெரிய தலைவலி என்று சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் பார்த்தால் ஹார்ட் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளின் முனை தளர்ந்திருந்தது. ஒவ்வொரு முறை சர்வீஸ் செய்யும்போதும் கேபினட்டைத் திறந்து மூடியதில் கேபிள் கொஞ்சம் அழுந்தி உட்கார்ந்திருக்கிறது. அந்த இரண்டு நாள் நிம்மதி அதனால் கிடைத்தது, ஃபார்மட்டால் அல்ல.

இதைக் கண்டுபிடிக்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் கணக்கை அது காட்டும். சாட்டா ஹார்ட் டிஸ்க்கில் நான்கு வரிகளைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் தரப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கை. சி5 என்பது படிக்க முடியாமல் முடிவெடுக்கப்படாமல் கிடப்பவை. சி6 என்பது மீட்க முடியாதவை. இந்த மூன்றில் எதுவாவது பூஜ்யத்தைத் தாண்டி, வாரா வாரம் ஏறிக்கொண்டும் போனால் டிஸ்க் விடைபெறத் தயாராகிவிட்டது. நான்காவது சி7. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் தரவு போகும்போது நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கை அது. மற்ற மூன்றும் சுத்தமாக இருந்து சி7 மட்டும் ஏறினால், டிஸ்க்கைக் குற்றம் சொல்வதற்கு முன் சாட்டா கேபிளை மாற்றுங்கள், வேறு போர்ட்டிலும் செருகிப் பாருங்கள். கேபிளை மாற்றிய பிறகும் அந்த எண் குறையாது. குறையவும் கூடாது, அது ஆயுள் கணக்கு. மேற்கொண்டு ஏறாமல் நின்றுவிட்டால் வேலை முடிந்தது. மென்பொருள் இந்த எண்களைப் பதினாறடிமானத்தில் காட்டும் என்பதால் ஏறுகிறதா இல்லையா என்பதை மட்டும் கவனியுங்கள்.

ஈவன்ட் வியூவரிலும் இதற்குச் சாட்சி கிடைக்கும். 'டிஸ்க்' என்ற பெயரில் 7ஆம் எண் இருந்தால் கெட்ட பிளாக். 153 என்றால் ஒரு முறை கேட்டுப் பதில் வராமல் திரும்பக் கேட்டிருக்கிறது. 129 என்றால் பதிலே வராமல் போய் டிஸ்க்கை ரீசெட் செய்திருக்கிறது. ஹேங் ஆன நேரமும் 129 பதிவான நேரமும் பொருந்தினால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. சி5 ஏறியிருக்கும் டிஸ்க்கில் எடுத்ததும் விண்டோஸின் டிஸ்க் சோதனையான செக் டிஸ்க்கை ஓட்டாதீர்கள். சாகக் கிடக்கிற டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் ஓடவிடுவது அது. முதலில் போட்டோ, கணக்கு, டிசைன் ஃபைல் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

எஸ்எஸ்டி என்றால் கதை கொஞ்சம் வேறு. அதை இயக்க உள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரே ஹேங்குக்குக் காரணமாக இருக்கலாம். க்ரூஷியல் எம்4 என்ற எஸ்எஸ்டியில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். மொத்தம் 5,184 மணி நேரம் ஓடி முடித்ததும் அது பதில் சொல்வதை நிறுத்திவிடும். அணைத்துப் போட்டால் வேலை செய்யும், ஆனால் ஒரு மணி நேரத்தில் மறுபடி நின்றுவிடும். இடைவிடாமல் ஓடினால் சரியாக 216 நாள். காரணம் ஸ்மார்ட் கணக்கைக் கையாண்டதில் இருந்த ஒரு பிழை. 2012 ஜனவரியில் புதிய ஃபர்ம்வேர் கொடுத்து அதைத் தீர்த்தார்கள். அந்த மாடல் இன்று யாரிடமும் அதிகம் இருக்காது. ஆனாலும் எஸ்எஸ்டி ஒரு நாள் திடீரென்று ஹேங் ஆக ஆரம்பித்தால், தயாரிப்பாளரின் தளத்தில் ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது அன்றிலிருந்து என் வழக்கம். எஸ்எஸ்டியை விளிம்புவரை நிரப்பியும் வைக்காதீர்கள்.

படம், ஒலி, விளக்கு எல்லாம் ஒரே நொடியில் நிற்கிறது

நம்பர் லாக் மாறவில்லை, மவுஸ் செத்துவிட்டது, ஒலி ஒரே துணுக்கில் சுற்றுகிறது. எப்போது நடக்கும் என்று சொல்ல முடியவில்லை; வேர்டில் தட்டும்போதும் நடக்கிறது, சும்மா பாட்டு கேட்கும்போதும் நடக்கிறது. இடையிடையே நீலத் திரையும் வருகிறது, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு காரணத்தைச் சொல்கிறது. பெரிய ஜிப் ஃபைலை விரித்தால் கோளாறு என்கிறது. இதெல்லாம் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் ராம்.

கேபினட்டைத் திறக்குமுன் மின் கேபிளைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சம் இருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். அதில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் சேமித்து வைத்திருக்கக் கூடியது.

ராமைக் கழற்றி, பொன்னிறத் தொடுமுனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். அது இல்லாவிட்டால் நம் ஊர் சர்வீஸ் கடைகளின் நிரந்தர ஆயுதமான பென்சில் ரப்பர் இருக்கிறது. மெதுவாகத் தேய்த்து, ரப்பர் தூள் ஒன்றுகூட ஒட்டியிருக்காமல் தட்டிவிடுங்கள். ஸ்லாட்டை மெல்லிய பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போகும். திரும்பப் போடும்போது ஓரத்துக் கிளிப் 'டிக்' என்று பூட்ட வேண்டும். கடலோர ஊர்களில், ஏசி இல்லாத அறையில் இருக்கும் சிஸ்டங்கள் இந்த ஒரு வேலையிலேயே சரியாவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

சரியாகவில்லை என்றால் மெம்டெஸ்ட்86 பிளஸ். இலவசம், பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே பூட் செய்ய வேண்டும். 2022இல் வந்த 6ஆம் பதிப்பிலிருந்து பழைய பயாஸுக்குப் பதிலாக யுஇஎஃப்ஐ வைத்து வரும் புதிய போர்டுகளிலும் ஓடுகிறது. ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள். விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக்கும் பரவாயில்லை, ஆனால் அது விட்டுவிடும் பிழையை இது பிடிக்கும். காலையில் திரையில் ஒரே ஒரு பிழை இருந்தாலும் அது பிழைதான். "ஆயிரத்தில் ஒன்றுதானே" என்ற சமாதானம் ராமுக்குச் செல்லாது.

பிழை வந்துவிட்டது என்பதற்காக உடனே புது ராம் வாங்கக் கிளம்பாதீர்கள். பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரையில், ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி போட்டிருந்தால் அதை அணைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். 3200 வேகம் என்று அட்டையில் அச்சடித்த டிடிஆர்4 ராம் பெரும்பாலும் 1.35 வோல்ட்டில் அந்த வேகத்தை எட்டுகிறது. அடிப்படை அளவு 1.2 வோல்ட், வேகமும் குறைவு. எக்ஸ்எம்பி இல்லாமல் பிழை மறைந்தால் ராம் கெடவில்லை, வேகம்தான் அதற்கோ போர்டுக்கோ தாங்கவில்லை. இரண்டு ஸ்டிக் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஓட்டுங்கள், அப்புறம் மற்றொன்றை அதே ஸ்லாட்டில். எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில்தான் பிழை வருகிறதென்றால் குற்றவாளி ஸ்லாட். இப்படி மாற்றிப் போடும்போது ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். ராமையும் கேபிளையும் ஒரே நாளில் மாற்றிச் சரியாகிவிட்டால் எதனால் சரியாயிற்று என்று உங்களுக்கே தெரியாது.

கேம், ரெண்டரிங், பெரிய வீடியோ: பாரம் ஏறினால் மட்டும்

இங்கே எல்லாரும் சூட்டைச் சொல்வார்கள். சூட்டைப் பார்க்க வேண்டியதுதான், ஆனால் இன்றைய பிராசசர் சூடானால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் சிஸ்டத்தையே அணைத்துவிடும். சூட்டால் மட்டும் உறைந்து நிற்பது குறைவு. இன்டெல் டெஸ்க்டாப் பிராசசர்களில் பெரும்பாலும் 100 டிகிரி அருகில் இந்த வேகக் குறைப்பு நடக்கும். ரைசன் 7000 வரிசை முழுப் பாரத்தில் 95 டிகிரியில் ஓடுவதை ஏஎம்டியே இயல்பு என்கிறது. அதனால் எண்ணைப் பார்த்துப் பதறாமல், சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து வைத்து, ஹேங் ஆவதற்கு முன் சூடு கிடுகிடுவென ஏறியதா என்று பாருங்கள். சும்மா இருக்கும்போதே 70, 80 என்று நின்றால் கூலரைத் தொட்டு ஆட்டிப் பாருங்கள். இன்டெல் கூலரின் நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று கிளம்பியிருக்கும். வீடு மாற்றும்போது வண்டியில் குலுங்கி வந்த சிஸ்டத்தில் இது சகஜம்.

சூடு ஒழுங்காக இருந்தால் மிச்சம் இரண்டு பேர்: கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ்.

திரை மட்டும் உறைந்து ஒலி தொடர்ந்து ஓடினால் கார்டின் பக்கம் சாயலாம். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்தபடி பி விசையைத் தட்டுங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். ஒரு 'பீப்', திரை ஒரு சிமிட்டல், படம் திரும்பிவிட்டால் விஷயம் அங்கேதான் என்று உறுதி. ஈவன்ட் வியூவரில் 'டிஸ்பிளே 4101' இருந்தாலும் அதே அர்த்தம். டிரைவரைச் சுத்தமாக நீக்கிப் புதிதாகப் போட்டும் தொடர்ந்தால், கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டரை மதர்போர்டில் செருகி இரண்டு நாள் ஓட்டுங்கள். பெயரின் முடிவில் எஃப் உள்ள இன்டெல் பிராசசர்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது, அவற்றில் இந்தச் சோதனை நடக்காது.

எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட் பாதை 11.4க்கும் 12.6க்கும் இடையில் இருக்க வேண்டும், 5 வோல்ட் பாதை 4.75க்கும் 5.25க்கும் இடையில். மென்பொருள் காட்டும் வோல்ட்டை நான் நம்புவதில்லை, சில போர்டுகள் வாய்க்கு வந்ததைச் சொல்கின்றன. பாரம் ஓடும்போது மல்டிமீட்டரில் பார்த்தால் நல்லது. அதைவிட நல்லது, நண்பரின் சிஸ்டத்திலிருந்து ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை ஒரு வாரம் கடன் வாங்குவது. கேபினட்டோடு சேர்ந்து வரும் மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று ஒட்டியிருக்கும் தாளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தாலே விஷயம் தெரியும்.

இதே இடத்தில் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறையையும் சொல்லிவிட வேண்டும். அவற்றின் டெஸ்க்டாப் பிராசசர்களில், குறிப்பாக ஐ9, ஐ7 வகைகளில், தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் ஏறி பிராசசரே மெல்லத் தேய்ந்துபோகும் சிக்கல் 2024இல் பெரிதாக வெளிவந்தது. கேம் தொடங்கும்போது, வீடியோ மெமரி போதாது என்று சம்பந்தமில்லாத செய்தி வருவது இதன் ஓர் அடையாளம். அந்த ஆண்டு ஆகஸ்டிலிருந்து பயாஸ் அப்டேட்டுகளில் தீர்வு வந்தது. உத்தரவாதத்தையும் இன்டெல் 2 ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே தேய்ந்த பிராசசரை அப்டேட் குணப்படுத்தாது. உங்களிடம் அந்தத் தலைமுறை இருந்தால் மற்ற எதையும் மாற்றுவதற்கு முன் பயாஸைப் புதுப்பியுங்கள், அப்புறமும் தொடர்ந்தால் உத்தரவாதத்தில் மாற்றிக் கேளுங்கள்.

வேலை செய்தால் ஓடுகிறது, சும்மா விட்டால் உறைகிறது

கேம் மணிக்கணக்கில் ஓடும். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் உறைந்து கிடக்கும். இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் உண்மையான நோய்.

சும்மா இருக்கும்போது பிராசசர் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகிறது. அப்போது அது இழுக்கும் மின்சாரம் மிகச் சொற்பம். 2013இல் வந்த இன்டெல் ஹாஸ்வெல் பிராசசர், 12 வோல்ட் பாதையில் வெறும் 0.05 ஆம்பியர் அளவுக்கு இறங்கக் கூடியதாக இருந்தது. அந்தக் காலத்துப் பழைய எஸ்எம்பிஎஸ்களுக்கு இவ்வளவு குறைந்த பாரத்தில் வோல்ட்டேஜை நிலையாகப் பிடித்து வைக்கத் தெரியாது. முதல் தலைமுறை ரைசன் சிஸ்டங்கள் லினக்ஸில் சும்மா இருக்கும்போது உறைந்ததும் பேர்போன சிக்கல். பயாஸில் 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்' என்ற இடத்தில் 'டிபிக்கல் கரன்ட் ஐடில்' என்று வைத்தால் பலருக்கு நின்றுபோனது. இன்டெல் போர்டு என்றால் பயாஸில் இந்தத் தூக்க நிலைகளுக்கான சி-ஸ்டேட் அமைப்பில் ஆழமான நிலைகளை மட்டும் அணைத்துவிட்டு ஒரு வாரம் கவனியுங்கள். மின்கட்டணம் கொஞ்சம் ஏறும். நின்றுவிட்டால், நல்ல எஸ்எம்பிஎஸ் வாங்கும் அன்று திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

ஓரிரு நொடி விக்கல்

உறைந்து, தானாகவே ஒன்றிரண்டு நொடியில் சரியாகி, நாளுக்கு ஓரிரு தடவை மட்டும் வருகிறது. ஒலியும் அந்த நேரம் திக்குகிறது. ரைசன் சிஸ்டத்தில் விண்டோஸ் 10 அல்லது 11 இருந்தால் அது எஃப்டிபிஎம் என்ற உள்ளமைந்த பாதுகாப்புப் பகுதியால் வரும் விக்கலாக இருக்கலாம். 2022 மார்ச்சில் ஏஎம்டி இதை ஒப்புக்கொண்டது, பயாஸ் அப்டேட்டில் தீர்வும் வந்தது. ஹார்டுவேரைத் தொட வேண்டாம். இல்லையென்றால் யுஎஸ்பியில் மாட்டியிருப்பதையெல்லாம் உருவிவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுங்கள். முன்பக்க யுஎஸ்பி போர்ட்டின் வளைந்த தகடுகூட இதைச் செய்யும்.

மோட்டார் போட்டால், மின்சாரம் போய் வந்தால்

கேபினட்டின் வண்ணம் பூசாத உலோகத்தைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறதா? எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் வழியாக ஒரு சிறு மின்னோட்டம் எப்போதும் கேபினட்டுக்கு வரும், எர்த் இருந்தால் மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் பாதிக்கு அருகில் கேபினட்டில் மிதக்கும். பிரின்டர், மானிட்டர், மோடம் எல்லாம் அதன் வழியாகப் பேசிக்கொள்ளும்போது என்னென்னவோ நடக்கும். ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்யுங்கள், கம்ப்யூட்டரைப் பிறகு பார்க்கலாம்.

யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும் அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில் சிஸ்டம் உறைந்தால் அல்லது ரீஸ்டார்ட் ஆனால், யுபிஎஸ்ஸை வேறொரு சிஸ்டத்தோடு மாட்டிப் பாருங்கள். அங்கே ஒழுங்காக இருந்தால் உங்கள் எஸ்எம்பிஎஸ் வயதாகி, இடைவெளியைத் தாண்டும் திறனை இழந்துவிட்டது.

காலையில் முதல் தடவை இரண்டு மூன்று முறை உறைந்து, சூடேறிய பிறகு நாள் முழுக்க ஓடுகிறதென்றால் கெப்பாசிட்டர்களைச் சந்தேகிக்கலாம். டார்ச் அடித்து மதர்போர்டில் பிராசசரைச் சுற்றி நிற்கும் சிறு உருளைகளின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியோ, பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

பயாஸ் திரையிலேயே உறைகிறது

கடைசிக்கு இது. விண்டோஸ் ஏறவே இல்லை, பயாஸைத் திறந்து வைத்திருக்கும்போதே அம்புக்குறி நகராமல் நின்றுவிட்டது. இங்கே டிஸ்க்கின் கேபிள்களை உருவிவிட்டு, கிராபிக்ஸ் கார்டு இல்லாமல், ஒரே ஒரு ராம் ஸ்டிக்கோடு பயாஸில் ஒரு மணி நேரம் விட்டு வையுங்கள். தேதி 10 வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். பேட்டரி தீர்ந்தால் அதனாலேயே உறையாது, ஆனால் நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த அமைப்பெல்லாம் ஒவ்வொரு தடவையும் அழிந்துபோகும்.

ராம் மாற்றியாயிற்று, எஸ்எம்பிஎஸ் மாற்றியாயிற்று, அப்போதும் உறைகிறது என்றால் மிச்சம் மதர்போர்டும் பிராசசரும்தான். இரண்டில் அதிகம் பழுதாவது போர்டு. மாற்றுவதென்று முடிவு செய்து பழைய போர்டு ஒன்றை வாங்கப் போனால், "ஆன் ஆகுது பாருங்க" என்று டிஸ்பிளே காட்டுவதோடு பணம் கொடுத்துவிடாதீர்கள். மெம்டெஸ்ட் ஏற்றிய பென் டிரைவைச் சட்டைப் பையில் கொண்டு போங்கள், கடையிலேயே ஒரு மணி நேரம் ஓடட்டும். வேண்டாம் என்று சொல்கிற கடையில் அந்தப் போர்டும் வேண்டாம்.